பெல்ட் சூடாயிருச்சு

அத்தியாயம் 14

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பாட்டு வெளியாகிறது, கடைசி எழுத்து ஓடி முடிகிற வரைக்கும் பார், நடுவில் நிறுத்திவிடாதே என்று கவியரசன் சென்னையில் ஆறு மணி ரயிலில் ஏறும்போதே போன் செய்து சொல்லியிருந்தான். எட்டே முக்காலுக்கெல்லாம் கார்த்திகா கைப்பேசியைச் சார்ஜரிலிருந்து பிடுங்கிக்கொண்டு மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிட்டாள். விராலிமலையில் அவர்கள் வீட்டில் சிக்னல் ஒழுங்காகக் கிடைப்பது ஐந்தாவது படியில்தான்.

அவள் கணவன் கவியரசன் இசையமைப்பாளனாகி இது மூன்றாவது படம். அதற்கு முன்னால் பதினோரு வருடம் வடபழனியில் ஒரு பெரிய இசையமைப்பாளரின் ஸ்டுடியோவில் கீபோர்டு வாசித்தான். படம் முடிந்து ஜனங்கள் எழுந்து செருப்பைத் தேடும் நேரத்தில் பொடி எழுத்தில் ஓடுகிற பெயர்களில் அவன் பெயரும் ஒன்று. தனியாகச் செய்த முதல் படம் வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை. இரண்டாவது படத்தில் ஒரே ஒரு பாட்டு திருச்சி எஃப்.எம்.மில் பிடித்துக்கொண்டது. தினம் ஒரு தடவையாவது போட்டார்கள். அந்தப் பாட்டைக் கேட்டுவிட்டுத்தான் இந்த மூன்றாவது படம் தேடி வந்தது. பெரிய கம்பெனி, பெயர் சொன்னால் தெரிகிற நடிகர்.

கல்யாணமாகி எட்டு வருடத்தில் கார்த்திகா சென்னையில் இருந்தது மொத்தமாக ஒரு வருடம் தேறும். உள்ளூர்ப் பள்ளியில் அவளுக்குத் தமிழாசிரியை வேலை. மாமியார் சொர்ணவல்லிக்குப் பேருந்து நிலையத்துக்குப் போகிற வழியில் மாவு மில். மாமனார் இறந்தபின் அந்த மில்லை ஒற்றை ஆளாக ஓட்டுகிறவர். மில்லை விட்டு அவர் நகர மாட்டார், அவரை விட்டு இவள் நகர முடியாது. அதனால் புருஷன் பெண்டாட்டி குடித்தனம் பெரும்பாலும் கைப்பேசியில்தான் நடந்தது.

அதிலும் அவர்களுக்கு ஒரு தனி வழி இருந்தது.

மெட்டு போட்டதும் பாட்டெழுதுகிறவருக்கு அளவு தெரிவதற்காக ஏதாவது சொற்களை வைத்துப் பாடி அனுப்புவார்கள். டம்மி வரி என்று பெயர். அர்த்தம் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. கீபோர்டு வாசித்த காலத்திலிருந்தே கவியரசன் தன் மெட்டை 'தன்னன்னா' போட்டுக் கார்த்திகாவுக்கு அனுப்புவான். அவள் அன்றைக்கு வீட்டில் நடந்ததை அந்த அளவுக்குள் மடக்கி, பாடித் திருப்பி அனுப்புவாள். பால் பொங்கியது, மோட்டார் ஓடாதது, பத்தாம் வகுப்புப் பையன்கள் வாங்கிய மதிப்பெண், அவன் வராத தீபாவளி. நேரில் சொன்னால் சண்டையாகிவிடக்கூடிய எத்தனையோ விஷயங்கள் மெட்டுக்குள் போனதும் சாதுவாகிவிட்டன. பிறகு பாடலாசிரியர் அசல் வரி எழுதுவார். டம்மி காற்றோடு போய்விடும்.

போய்விடும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள்.

ஒன்பது மணிக்குப் பாட்டு வந்தது. புல்லாங்குழல், அப்புறம் ஒரு இயந்திரம் ஓடுகிற சத்தமே தாளமாக, அதன்மேல் ஒரு பெண்குரல்.

*நீ பாடும் நேரம் மில்லை நிறுத்தினேன்,*
*பெல்ட்டு சூடாச்சுன்னு பொய்யைச் சொல்லி வச்சேன்,*
*காத்து நிக்கும் ஊருக்கென்ன தெரியும்,*
*கல்லு நிக்கிறது உன்னைக் கேக்கத்தானே.*

கார்த்திகாவுக்கு முதலில் எதுவும் ஓடவில்லை. அவளுடைய வரி. ஒரு எழுத்து மாறாமல் அவளுடைய வரி. கடைசியில் 'பல்லவி: கார்த்திகா கவியரசன்' என்று தனியாக ஒரு வரி வந்தது. பாடலாசிரியர் சரணங்களை மட்டும் எழுதிக்கொடுத்துவிட்டு, பல்லவியைத் தொட மாட்டேன், யார் எழுதினார்களோ அவர் பெயரைப் போடுங்கள் என்று சொல்லிவிட்டாராம். இதெல்லாம் பிறகு தெரிந்தது. அப்போது அவள் செய்தது, படியில் உட்கார்ந்தபடியே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததுதான்.

அரை நிமிடம் சிரித்திருப்பாள். அப்புறம் வாயிலிருந்து கையை எடுத்தாள்.

அந்த வரி அவளைப் பற்றியதல்ல. அவள் மாமியாரைப் பற்றியது.

சொர்ணவல்லி தன் மகனோடு பேசி ஆறு வருடமாகிறது. ஒரே தங்கை வனிதாவின் கல்யாணம். அப்பா இல்லாத வீடு. பெண்ணின் அண்ணன்தான் மாப்பிள்ளைக்கு மாலை போட்டு மணவறைக்கு அழைத்து வர வேண்டும். முதல் நாள் மாலை கிளம்பியிருக்க வேண்டியவன், படத்தின் கடைசிப் பகுதியை மாற்றி வெட்டிக் கொடுத்துவிட்டார்கள், பின்னணி இசை முடியவில்லை என்று ஸ்டுடியோவில் மாட்டிக்கொண்டான். வந்து சேரும்போது இரண்டாவது பந்தி முடிந்திருந்தது. பெரியப்பா மகன் மாலை போட்டிருந்தான்.

அன்றிலிருந்து சொர்ணவல்லி அவனிடம் நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. அதற்காகச் சோறு போடாமல் இருந்ததுமில்லை. அவன் ஊருக்கு வந்தால் மீமிசலிலிருந்து வண்டியில் மீன் கொண்டுவருகிறவரிடம் முதல் நாளே நண்டுக்குச் சொல்லிவிடுவார். எதிரில் உட்கார்த்தி வைத்துப் பரிமாறிக்கொண்டே, அவனுக்கு இன்னும் கொஞ்சம் குழம்பு வேணுமான்னு கேளு என்று கார்த்திகாவிடம் சொல்வார். போதும்னு சொல்லு என்று அவனும் கார்த்திகாவிடம் சொல்வான். இப்படியே ஆறு வருடம். நடுவில் நின்று நின்று அவளுக்கு இது ஒரு வேலையாகவே தெரியாமல் போய்விட்டது.

இரண்டு வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம் மில்லுக்குச் சாப்பாடு கொண்டுபோனபோதுதான் அதைப் பார்த்தாள். மெஷின் ஓடுகிற இரைச்சல், பக்கத்தில் ஆள் கத்தினாலும் கேட்காது. மாமியாரின் தலைக்கு மேலே ஆணியில் ஒரு ரேடியோ. கவியரசனின் அந்த ஒரு பாட்டு தொடங்கி இரண்டு சுரம்கூட ஆகியிருக்காது, சொர்ணவல்லியின் கை சுவிட்சுக்குப் போய்விட்டது. மெஷின் நின்றது. வரிசையில் நின்றவர்களிடம், "பெல்ட் சூடாயிருச்சு, செத்த ஆறட்டும்" என்றார். நான்கு நிமிடம் சாக்கு மூட்டையில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். பாட்டு முடிந்ததும் பெல்ட்டும் ஆறிவிட்டது.

அதன்பின் கார்த்திகா கவனித்தாள். ஒரு நாள் தவறவில்லை. இதைக் கணவனிடம் சொல்லத் துடித்தாள். ஆனால் அது மாமியார் யாருக்கும் தெரியாமல் வைத்திருக்கிற பொருள். எடுத்துக் கொடுக்க இவள் யார்? சொல்லவும் முடியாமல், வைத்திருக்கவும் முடியாமல், ஒரு மெட்டு வந்த அன்று அதற்குள் போட்டு அனுப்பிவிட்டாள். யார் நிறுத்தினார்கள் என்று சொல்லவில்லை. அவனும் கேட்கவில்லை. பெண்டாட்டி தன்னை நினைத்து எழுதிய காதல் வரி என்று எடுத்துக்கொண்டுவிட்டான், பாவம்.

இப்போது அது ஊர் முழுக்கக் கேட்கப்போகிறது. பெல்ட் சூடாகும் கதை தெரியாத வாடிக்கையாளர் விராலிமலையில் இல்லை. தன்னை வேவு பார்த்து ஊர்சிரிக்க வைத்துவிட்டாள் என்று அத்தை நினைத்தால், நினைக்காமல் எப்படி, இனி அந்த நான்கு நிமிடமும் இருக்காது. மகனுக்கும் அம்மாவுக்கும் நடுவில் மிச்சமிருந்த ஒரே நூல் அதுதான். எஃப்.எம்.மில் பத்து மணிக்குப் போடுகிறார்கள். அதற்குள் ரேடியோவை எப்படியாவது நிறுத்திவிட வேண்டும்.

கார்த்திகா கொதித்துக்கொண்டிருந்த பருப்பை அப்படியே விட்டு, அடுப்பை அணைத்துவிட்டு ஓடினாள்.

மிளகாய்த்தூள் அரைக்கிற காலம். மில் வாசலில் தூக்குகளும் டின்களும் வரிசை கட்டி நின்றன. தும்மல் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். அவள் கூட்டத்துக்குள் நுழைந்து மாமியாரை நெருங்கவும் ரேடியோவில் அந்தப் புல்லாங்குழல் வரவும் சரியாக இருந்தது. அறிவிப்பாளர் பெண் ஏதோ சொன்னது இரைச்சலில் யாருக்கும் கேட்கவில்லை. சொர்ணவல்லிக்கு மட்டும் கேட்டது. கை சுவிட்சுக்குப் போனது.

மெஷின் இழுத்து மூச்சுவிட்டு அடங்கியது.

"பெல்ட் சூடாயிருச்சு" என்றார் சொர்ணவல்லி, முன்னால் நின்ற ராக்காயியிடம். "செத்த ஆறட்டும்."

அந்த அமைதியில், எல்லோருடைய தலைக்கும் மேலே, ஒரு பெண்குரல் தெளிவாகப் பாடியது. மில்லை நிறுத்தினேன் என்றது. பெல்ட்டு சூடாச்சுன்னு பொய்யைச் சொல்லி வச்சேன் என்றது.

யாரும் தும்மக்கூட இல்லை. ராக்காயி ரேடியோவைப் பார்த்தார். சொர்ணவல்லியைப் பார்த்தார். அசையாமல் தொங்கிக்கொண்டிருந்த பெல்ட்டைப் பார்த்தார். இரண்டு வருடமாகக் காய்ந்த மிளகாயோடு வரிசையில் நின்ற கணக்கெல்லாம் அந்த அம்மாள் முகத்தில் ஒவ்வொன்றாக வந்து போனது.

"ஏ சொர்ணம்" என்றார் ராக்காயி மெதுவாக. "இதுக்குத்தானா?"

பின்னாலிருந்து ஒருத்தி சிரித்தாள். அப்புறம் எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. ஒரு கல்யாண வீட்டில் கேட்கிற மாதிரிதான் இருந்தது. ஆனால் சொர்ணவல்லி சிரிக்கவில்லை. திரும்பினார். வாசல் பக்கம் உறைந்து நின்ற மருமகளைப் பார்த்தார். ஒரு நொடிதான். பாட்டு பாதியில் இருக்கும்போதே சுவிட்சைப் போட்டுவிட்டார்.

மெஷின் இரைச்சலில் மிச்சப் பாட்டு முழுகிப்போனது. இதுவரை அப்படி நடந்ததில்லை.

கார்த்திகா பக்கத்தில் போய் நின்று, அத்தை என்றாள். இன்னொரு தடவை கூப்பிட்டாள். சொர்ணவல்லி மாவுத் துணியை உதறியபடி ராக்காயியிடம் சொன்னார்:

"அவகிட்ட சொல்லு, அடுப்புல பருப்பு கெடக்கும், வீட்டுக்குப் போகச் சொல்லு."

ராக்காயி கார்த்திகாவிடம் திரும்பி, பருப்பு கிடக்குமாம், போகணுமாம் என்று பரிதாபமாகச் சொன்னார். இரண்டு பேருக்கும் நடுவில் ஒன்றரை அடி தூரம்கூட இல்லை.

வீடு திரும்பும் வழியெல்லாம் கார்த்திகாவுக்கு அழுகையும் சிரிப்பும் மாறி மாறி வந்தன. ஆறு வருடம் அடுத்தவர்களுக்கு நடுவில் நின்றவளுக்கு இன்றைக்கு ஒரு ஆள் நடுவில் நிற்க வேண்டியதாகிவிட்டது. இலுப்பூரிலிருந்து நாத்தனார் வனிதா போன் செய்தாள். பாட்டைக் கேட்டிருக்கிறாள், யார் அந்த மில்காரி என்று அவளுக்குக் கேட்டதுமே தெரிந்துவிட்டதாம். சிரித்துச் சிரித்துப் பேச முடியாமல் திணறினாள். மதினி, எங்க அம்மாவ இந்த மாதிரி யாரும் மடக்குனதே இல்ல என்றாள். கார்த்திகா நடந்ததைச் சொன்னதும் அவளும் அடங்கிவிட்டாள். மத்தியானம் நான் கூப்பிடுறேன் என்று வைத்தாள்.

கவியரசன் பன்னிரண்டு மணிக்கு வந்தான். தோள்பையை இறக்குவதற்குள், பாத்தியா, பேரப் பாத்தியா என்று கேட்டுக்கொண்டே வந்தவன் அவள் முகத்தைப் பார்த்ததும் நின்றான். கார்த்திகா எதையும் சுற்றி வளைக்கவில்லை. அது நான் இல்லைங்க, அத்தை என்றாள். முழுவதையும் சொன்னாள்.

அவன் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டான்.

"எத்தனை நாளா?"

"ரெண்டு வருசமா."

"தினமுமா?"

"கரண்ட் இல்லாத நாள் தவிர."

எழுந்துபோய் முகம் கழுவினான். துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தவன் மறுபடியும் எழுந்துபோய் முகம் கழுவினான். கார்த்திகா துண்டை மட்டும் நீட்டினாள்.

ஞாயிற்றுக்கிழமை மில் ஒரு மணியோடு சரி. சொர்ணவல்லி வந்து கைகால் கழுவிக்கொண்டு நேராக அடுப்படிக்குப் போனார். நண்டுக் குழம்பு விடியற்காலையிலேயே அவர் வைத்துவிட்டுப் போனதுதான். மூன்று இலை போட்டார். மூவரும் உட்கார்ந்தார்கள்.

அப்போதுதான் அந்தச் சங்கடம் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் உறைத்தது. சொர்ணவல்லி மகனிடம் பேசுவதில்லை. மருமகளிடம் பேசுவது காலையோடு நின்றுபோயிற்று. குழம்புக் கரண்டி கையில் இருக்கிறது. யாரிடம் சொல்லி யாரைக் கேட்கச் சொல்வது? அவர் கொஞ்ச நேரம் கரண்டியைப் பார்த்தார். பிறகு இடுப்பிலிருந்து தன் கைப்பேசியை எடுத்து வனிதாவுக்குப் போட்டு, ஸ்பீக்கரை வைத்து, இலைக்குப் பக்கத்தில் நிறுத்தினார்.

"வனிதா, ஒங்கண்ணனுக்குக் குழம்பு வேணுமான்னு கேளு."

"அம்மா, அண்ணே எங்க இருக்கு?"

"எதுக்கத்தான் ஒக்காந்துருக்கான்."

"மதினி?"

"அவளும்தான்."

கவியரசன் தலையைக் குனிந்துகொண்டான். சிரிப்பை அடக்குகிறான் என்று கார்த்திகாவுக்குத் தெரிந்தது. அவளால் அவனைப் பார்க்க முடியவில்லை, பார்த்தால் அவளும் போய்விடுவாள். ஆனால் வனிதாவின் குரலில் சிரிப்பு இல்லை.

"அம்மா, நான் ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. எனக்குக் கல்யாணமாகி ஆறு வருசமாச்சு. மாலை போட்டது அண்ணனா பெரியப்பா மகனான்னு கேட்டா என் வீட்டுக்காரருக்கே ஞாபகம் இல்ல. கோவப்பட வேண்டியவ நானு. எனக்கு அன்னைக்குச் சாயங்காலமே தீந்துபோச்சு. என் பேரச் சொல்லி நீ இழுத்துக்கிட்டே இருக்க. இனிமே எனக்கு முடியாது. நீயே கேட்டுக்க."

கைப்பேசி இருண்டது.

சொர்ணவல்லி கரண்டியோடு உட்கார்ந்திருந்தார். கவியரசன் தொண்டையைச் சரிசெய்துகொண்டான். பழக்கதோஷம், கார்த்திகாவைப் பார்த்துத்தான் பேசினான். அம்மாவுக்குச் சங்கடம்னா அந்தப் பல்லவியை எடுத்துவிடுகிறேன், படம் வர இன்னும் ஒரு மாதம் இருக்கிறது, செவ்வாய்க்கிழமைதான் கடைசி மிக்ஸிங், வேறு வரி போட்டுப் பாடவைத்துவிடலாம் என்று சொல்லச் சொன்னான். கார்த்திகா சொல்வதற்கு முன்னாலேயே இயக்குனருக்குப் போன் போட்டான்.

இயக்குனரின் குரல் இலைகளைத் தாண்டிக் கேட்டது. காலையிலிருந்து எத்தனை பேர் கேட்டிருக்கிறார்கள் தெரியுமா, தயாரிப்பாளர் அடுத்த படத்துக்கு உன்னையே கேட்கிறார் தெரியுமா என்று அவர் சந்தோஷமாகக் கத்திக்கொண்டிருந்தார். கவியரசன் நிதானமாக, சார், அந்தப் பல்லவியை மாற்ற வேண்டும் என்றான். அந்தப் பக்கம் சந்தோஷம் நின்றது. விளையாடுகிறாயா என்று கேட்டார். அந்தப் பல்லவி இல்லையென்றால் பாட்டே இல்லை, இந்தப் பாட்டு இல்லையென்றால் உன்னை வைத்து நான் என்ன செய்வேன் என்றார். பதினோரு வருடப் பொடி எழுத்து, மூன்றே படம், எல்லாம் இந்த ஒரு போனில் நிற்கிறது. அவன் குரல் மாறவில்லை. காரணம் கேட்காதீர்கள் சார், மாற்றியே ஆக வேண்டும் என்றான்.

"வையிடா போன."

கவியரசன் நிமிர்ந்தான். கார்த்திகா கையிலிருந்த சோற்றை அப்படியே இலையில் விட்டுவிட்டாள்.

சொர்ணவல்லி அவனை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். "வைன்னு சொல்றேன்ல. எதையும் மாத்த வேண்டாம்னு சொல்லிட்டு வையி."

அவன் அப்படியே சொல்லிவிட்டு வைத்தான்.

"அந்த மெசினுச் சத்தம் எங்க புடிச்ச?" என்று கேட்டார்.

ஆறு வருடம் கழித்து அம்மா கேட்கிற முதல் கேள்வி. அவனுக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. ஸ்டுடியோவில் எல்லாச் சத்தமும் சேர்த்து வைத்திருப்போம், அதிலிருந்து எடுத்தது என்றான்.

"அது நெல்லு மில்லு" என்றார் சொர்ணவல்லி, ஒரு பெரிய மானக்கேட்டைச் சொல்கிற குரலில். "மாவு மில்லு அப்புடியா ஓடும்? மொதல்ல பெல்ட்டு இழுக்கும். அது ஒரு மாதிரி முனகும். பொறகுதான் கல்லு பேசும். நீ என்னத்த மில்லுக்காரி மகன்? என் பேரக் கெடுக்கறதுன்னா ஒழுங்காக் கெடுக்க வேண்டாமா?"

சொல்லிக்கொண்டே இரண்டு கரண்டிக் குழம்பை அவன் இலையில் ஊற்றினார். வேண்டுமா என்று யாரிடமும் கேட்கவில்லை.

சாப்பிட்டு முடித்ததும் அவரே மில் சாவியை எடுத்தார். கவியரசன் தோள்பையிலிருந்து ஒலிப்பதிவுக் கருவியையும் ஹெட்போனையும் எடுத்துக்கொண்டு பின்னால் போனான். கார்த்திகா கொஞ்சம் தள்ளி நடந்தாள். அவளிடம் இன்னும் யாரும் பேசவில்லை.

வெயிலில் கடைத்தெரு வெறிச்சோடிக் கிடந்தது. ஷட்டரைப் பாதி தூக்கி மூவரும் உள்ளே போனார்கள். சொர்ணவல்லி சேலையை இழுத்துச் செருகிக்கொண்டார். கவியரசன் மைக்கை எங்கே வைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, அங்கிட்டு வைக்காத, மாவு பறக்கும், இங்கிட்டு வா என்று கையைப் பிடித்து நகர்த்தினார். அவன் கையைப் பிடித்தது அவருக்கே தெரிந்ததா என்று தெரியவில்லை.

"என்ன போடணும்?" என்றார். "அரிசிக்கு ஒரு சத்தம், மல்லிக்கு ஒரு சத்தம். மொளகாய்னா கல்லு கொஞ்சம் இறங்கி ஓடும்."

அவன் ஹெட்போனைக் கழுத்தில் மாட்டியபடி அம்மாவையே பார்த்தான். ஸ்டுடியோவில் எத்தனை பேரிடம் எத்தனை சத்தம் கேட்டிருக்கிறான். இந்தக் காது எங்கிருந்து தனக்கு வந்தது என்று இதுவரை நினைத்துப் பார்த்ததில்லை.

முதல் முறை அரிசி போட்டு ஓட்டினார்கள். மில்லுக்குப் பின்னால் சிந்திய தானியத்துக்கு வருகிற மயில் ஒன்று சரியாக நடுவில் அகவியதால் அது வீணானது. சொர்ணவல்லி வெளியே போய்ச் சூ சூ என்று விரட்டிவிட்டு வந்தார். இரண்டாவது முறைக்கு மல்லியை அள்ளித் தொட்டியில் போடப் போனவர், போடாமல், கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அன்னைக்கு மாலையக் கையில வச்சுக்கிட்டு மண்டபத்து வாசல்ல நின்னேன்டா. ஒவ்வொரு பஸ்ஸா வந்துச்சு. ஒவ்வொரு பஸ்ஸா போச்சு."

"தெரியும்மா."

"தெரியாது. ஒனக்கு எப்புடித் தெரியும், நீ எந்த பஸ்ஸுலயும் இல்ல."

கவியரசன் தப்பு என்றோ, மன்னித்துவிடு என்றோ சொல்லாமல், கூடையை அவர் இடுப்பிலிருந்து வாங்கித் தானே வைத்துக்கொண்டு நின்றான். சொர்ணவல்லி புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். மில்லில் நின்றால் யாருக்கும் மூக்கு ஒழுகத்தான் செய்யும்.

"சரி, போடு மல்லிய" என்றார். "கொஞ்சங் கொஞ்சமா. கொட்டிராத."

பெல்ட் இழுத்து முனகியது. பிறகு கல் பேசியது. கவியரசன் கண்ணை மூடிக் கேட்டான். மெஷின் நின்றதும் ஹெட்போனைக் கழற்றி அம்மாவின் தலையில் மாட்டி, பதிந்ததைப் போட்டான். சொர்ணவல்லி தன்னுடைய மில்லை முதல்முறையாக உட்கார்ந்து கேட்டார். தலை லேசாக ஆடியது. ம், இது என்றார். இதுதான் மில்லு.

ஷட்டருக்குப் பக்கத்தில் நின்றிருந்த கார்த்திகாவுக்கு மனசு நிறைந்துபோயிருந்தது. தனக்குக் கிடைக்கப்போகும் திட்டைக்கூட அந்த நேரம் மறந்துவிட்டாள். சொர்ணவல்லி மறக்கவில்லை. ஹெட்போனை மகனிடம் கொடுத்துவிட்டு, மெதுவாகத் திரும்பினார்.

"இங்க வா."

கார்த்திகா போனாள்.

"ரெண்டு வருசமா வாசல்ல நின்னு என்னையத்தான் பாத்துக்கிட்டு இருந்தியா?"

ஆமாம் என்று தலையாட்டினாள். மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாள். சொர்ணவல்லி கையைக் காட்டி நிறுத்தினார்.

"அத விடு. இந்தப் பாட்டு மட்டுந்தானா, இல்ல என்னையப் பத்தி இன்னும் ஏதாச்சும் எழுதி அனுப்பியிருக்கியா?"

இல்லை என்று சொல்ல அவளுக்கு ஒரு நொடி போதுமாயிருந்தது. அந்த ஒரு நொடியைக் கவியரசன் எடுத்துக்கொண்டுவிட்டான். ஆறு வருடத்துக்கு அப்புறம் அம்மாவோடு பேசுகிற உற்சாகம். எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்ற அவசரம்.

"நெறைய இருக்கும்மா. எட்டு வருசமா ஒண்ணு விடாம வச்சிருக்கேன். முந்நூத்துப் பதினாலு."

கார்த்திகா அவனைப் பார்த்த பார்வை அவனுக்குத் தாமதமாகத்தான் உறைத்தது.

முந்நூற்றுப் பதினான்கு. எல்லாம் அழிந்துபோயிருக்கும் என்று நம்பிக்கொண்டிருந்தவள் அவசரமாக நினைவைத் துழாவினாள். முதல் பாட்டு பால் பொங்கியது, அதில் ஆபத்தில்லை. இரண்டாவது, புது வீட்டில் தூக்கம் வரவில்லை என்பது, அதுவும் பரவாயில்லை. மூன்றாவது அந்த ஆடி மாதத்தில் எழுதியது. அவள் சுடிதாரை வாசல் பக்கக் கொடியில் காயப்போட்டதற்காகப் பதினோரு நாள் சண்டை நடந்த மாதம். இருபத்து மூன்று வயதுக் கோபம். பல்லவி, அனுபல்லவி, இரண்டு சரணம். மாமியாரின் நடை, குரல், மூக்குத்தி, ஒன்றையும் விட்டுவைக்காமல் எதுகை மோனையோடு எழுதிப் பாடியிருந்தாள். தமிழாசிரியை அல்லவா.

"ஏங்க, ரயிலேறி வந்த களைப்பு, வீட்டுக்குப் போயிப் படுங்களேன்" என்றாள்.

"அவனுக்கு ஒண்ணும் களைப்பில்ல" என்றார் சொர்ணவல்லி. சாக்கு மூட்டையை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தார். "மொதல்லேருந்து போடு. ஒண்ணையும் தாண்டாத."

கவியரசன் மனைவியைப் பார்த்தான், அம்மாவைப் பார்த்தான். ஆறு வருடம் கழித்து அம்மா நேராகப் போடுகிற கட்டளை. மீற முடியுமா?

எட்டு வருடத்துக்கு முந்தைய கார்த்திகாவின் குரல், மெல்லிசாக, பால் பொங்கிவிட்டது என்று மில்லுக்குள் பாடியது. சொர்ணவல்லி ரசித்துத் தலையாட்டினார். நல்லாத்தான் பாடியிருக்கா என்றார். அடுத்தது புது வீட்டில் தூக்கம் வராத பாட்டு. அதைக் கேட்டு அவர் முகம் இளகியது. மருமகளைப் பார்த்து, கல்யாணமாகி வந்த புதுசுல நீ ராத்திரியெல்லாம் முழிச்சிக் கெடந்தது எனக்கும் தெரியும் என்று சொல்லி, பக்கத்தில் உட்காரும்படி மூட்டையைத் தட்டினார்.

கார்த்திகா உட்கார்ந்தாள். மாமியாரின் கை அவள் தோளில் இருந்தது.

"அடுத்தது" என்றார் சொர்ணவல்லி.

கவியரசன் மூன்றாவதைத் தொட்டான்.